அப்டேட் போட்ட பிறகு தவழும் பழைய லப்டொப்: போமட் அடிக்க முன்னர் செய்ய வேண்டியவை

கீழ்மாடி மாமி வெள்ளவத்தையில் முப்பது வருடமாகத் தமிழ் டியூஷன் கொடுப்பவர். ஒருநாள் பின்னேரம் லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தார்.

"தம்பி, இதுக்கு அப்டேட் போட்டதில இருந்து எழும்பவே மனமில்லை. விடிய ஓன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி வச்சுக் குடிச்சு முடிச்சாலும் வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது. கடைப்பெடியன் போமட் அடிச்சாச் சரியாகும் எண்டவன்."

"அடிச்சிட்டானோ மாமி?"

"இல்லை. கேள்வித்தாள் எல்லாம் உள்ளுக்க கிடக்கு. பயத்தில தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

நல்ல பயம். 2018 இல் வாங்கிய லப்டொப் அது. இன்டெல் 8 ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், ஒருநாள் "சரி" என்று அழுத்தி விண்டோஸ் 11 இற்கு மாறிவிட்டார். கொழும்பில் இப்படிப்பட்ட லப்டொப் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியபோது, புதிது வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் பழையதைத் துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

நான் பார்த்த அளவில், மேம்படுத்தல் நல்ல லப்டொப்பைக் கெடுப்பது குறைவு. ஏற்கனவே இழுத்துக்கொண்டிருந்த ஒரு பாகத்தை அது அம்பலமாக்கிவிடுகிறது. எந்தப் பாகம் என்று பாராமல் போமட் அடித்தால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், இரண்டு கிழமை நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். அதனால் முதலில் அளப்போம்.

தொட முன்னர் இரண்டு வேலை

முதலாவது, நகல். ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டொப்பில் கிடப்பவை எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ போடுங்கள். லப்டொப் மெதுவானதற்குக் காரணம் சாகும் நிலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு பரிசோதனையும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்னும். கூடவே, செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லொக்கர் ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருந்து எடுத்துக் கடதாசியில் எழுதி வையுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னரே ஓடும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருளில்) எதையாவது மாற்றிய பிறகு அந்த எண்ணைக் கேட்டுத் திரை நீலமாக நிற்கும்போது தேடி ஓடுவது பெரிய கொடுமை.

இரண்டாவது, நாட்களை எண்ணுங்கள். மேம்படுத்திப் 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போனால் "கோ பேக்" பட்டன் உயிரோடு இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதும் "விண்டோஸ்.ஓல்ட்" என்ற கோப்புறையில் வைக்கப்பட்டிருப்பதால்தான் இது முடிகிறது. 10 நாள் கழிந்ததும் விண்டோஸ் தானாகவே அதை அழித்துவிடும். ஆகவே அந்தக் காலத்துக்குள் இடம் மிச்சம் பிடிக்க அவசரப்பட்டு டிஸ்க் கிளீனப் ஓட்டாதீர்கள். திரும்பிப் போவதா என்பதைக் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.

ஒரு இரவு விட்டுவையுங்கள்

பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகு விண்டோஸ் பின்னால் நிறைய வேலை செய்யும். தேடலுக்கான அட்டவணையைப் புதிதாக எழுதும், விண்டோஸின் சொந்த அன்டிவைரஸான டிஃபென்டர் கோப்புகளை மீண்டும் சோதிக்கும், ஸ்டோர் செயலிகள் தம்மைப் புதுப்பிக்கும், மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவ் (OneDrive) எல்லாவற்றையும் ஒப்பிடும், அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று அப்டேட் இறங்கும். முதல் ஓரிரு நாள் மந்தம் இயல்புதான்.

சார்ஜரைக் குத்தி, மூடியைத் திறந்தபடி, ஸ்லீப் போகாமல் செய்து ஒரு இரவு முழுக்க விடுங்கள். பகலில் அரை மணித்தியாலம் பாவித்துவிட்டு மூடி வைப்பவர்களுக்குத்தான் இந்த வேலைகள் கிழமைக்கணக்கில் இழுபடும். மாமியும் அந்த இனம். மாத அளவு வைத்த இன்டர்நெட் பெக்கேஜ் என்றால் ஒரு கண் வையுங்கள், அந்த இரவில் சில ஜிபி போகக்கூடும்.

காலையில் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி ஓனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப எடுக்கப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் உண்மையாகவே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். மாமியின் லப்டொப்பில் டாஸ்க் மனேஜரின் சிபியு பக்கத்தில் இருந்த "அப் டைம்" 19 நாட்கள் என்று காட்டியது. ஒவ்வொரு இரவும் ஷட் டவுன் செய்ததாக அவர் சத்தியம் பண்ணினார். இரண்டுமே உண்மை.

டாஸ்க் மனேஜரோடு பத்து நிமிடம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்து டெஸ்க்டொப் வந்ததும் வேறு எதையும் திறக்காமல், "பெர்ஃபோமன்ஸ்" பக்கத்தைப் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது சுவரில் முட்டி நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான வேலையைத் தொடங்கி, வேர்ட் ஒன்று, குரோமில் நாலு டேப் திறந்து மீண்டும் பாருங்கள்.

மாமியின் தாளில் நான் எழுதியது: டிஸ்க் 100 வீதம், ஆனால் வாசிக்கும் வேகம் நொடிக்கு 2 எம்பி மட்டும். சராசரிப் பதில் நேரம் 900 மில்லி செக்கன். மெமரி 88 வீதம். சிபியு 15 வீதம்.

சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் மூச்சுவாங்குகிறது. பழைய லப்டொப்களில் நான் அடிக்கடி காண்பது இந்தப் படத்தைத்தான்.

டிஸ்க் 100 வீதத்தில் நின்றால்

லப்டொப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்வது. நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தரவு ஊசியின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5 முதல் 6 மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு 10 மில்லி செக்கனுக்கு மேல் எடுக்கும். இரண்டையும் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல் எடுக்க முடியாது. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒன்று இதையே நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். "100 வீதம், ஆனால் 2 எம்பி" என்ற விசித்திரத்துக்கு இதுதான் விளக்கம். டிஸ்க் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஆனால் ஓடுவதிலேயே நேரம் போய்விடுகிறது.

மேம்படுத்தலுக்குப் பிறகு இது ஏன் மோசமாகிறது? பழைய விண்டோஸ் அப்படியே ஒதுக்கி வைக்கப்பட, புதிய கோப்புகள் மிச்சமிருக்கும் இடங்களில் எழுதப்படுகின்றன. டிஸ்க் நிறைந்திருந்தால் அந்த மிச்ச இடம் பெரும்பாலும் தட்டின் உட்புறத் தடங்களில் இருக்கும். அங்கே வேகம் வெளிப்புறத்தின் பாதியளவுதான். போதாததற்கு, மெல்லிய 1 டெராபைட் லப்டொப் டிஸ்க்குகள் பல, தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுபவை. தொடர்ந்து எழுதச் சொன்னால் அவை திணறும்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டு மூன்று வரிகளைப் பாருங்கள்: ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பென்டிங் செக்டர், அன்கரெக்டபிள் செக்டர். கடைசி இரண்டில் ஒன்று பூச்சியத்துக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

மூன்றும் பூச்சியம் என்றால் செலவில்லாத வேலைகள் சில உண்டு. 10 நாள் கழிந்து, திரும்பிப் போவதில்லை என்று முடிவானால், செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பொரரி ஃபைல்ஸ் வழியே போய் முந்தைய விண்டோஸ் மிச்சம் இருந்தால் அழியுங்கள். பல ஜிபி திரும்பும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பிறகு "டிஃப்ராக்மன்ட் அன்ட் ஒப்டிமைஸ்" ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அது சில மணித்தியாலம் எடுக்கும், இரவில் விடுங்கள். தேடல் அமைப்பை "என்ஹான்ஸ்ட்" என்பதில் இருந்து "கிளாசிக்" என்பதற்கு மாற்றினால் அட்டவணை போடும் வேலை குறையும். சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லும் யூடியூப் காணொளிகளை நம்பி இருபது சேவைகளை முடக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து பிரின்டர் வேலை செய்யாதபோது எதை முடக்கினோம் என்பது நினைவிருக்காது.

இவ்வளவும் செய்தால் ஓரளவு மூச்சு விடும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஓடுவது, வெறும் வீதியை எனக்குத் தாருங்கள் என்று கொழும்பின் நெரிசலான காலி வீதியில் காலை எட்டு மணிக்கு நின்று கேட்பது மாதிரி. எஸ்எஸ்டி பற்றிக் கீழே சொல்கிறேன்.

மெமரி நிறைந்திருந்தால்

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 தானே கிட்டத்தட்ட 3 ஜிபியை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி என்பது மைக்ரோசொஃப்ட் சொல்லும் ஆகக்குறைந்த அளவு. திறக்கும் என்பதற்கான அளவே தவிர, நாலு டேப்போடு வேலை செய்வதற்கான அளவல்ல. ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு நோயும் ஒன்றை ஒன்று தின்று வளரும். அதனால் டிஸ்க் 100 வீதம் என்று கண்டதும் டிஸ்க்கை மட்டும் குற்றம் சொல்லாமல் மெமரி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். டீம்ஸ், ஸ்பொட்டிஃபை, பிரின்டர் உதவியாளர்கள், கேம் லோஞ்சர்கள் எல்லாம் அழையா விருந்தாளிகள். இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், டிஃபென்டரே போதும்.

ரேம் கூட்டுவதென்றால், மெமரி பக்கத்தில் "ஸ்லொட்ஸ் யூஸ்ட்" என்ற வரி எத்தனை இடம் காலி என்று காட்டும். சில மெல்லிய லப்டொப்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட வழியில்லை. டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குறிப்பாக 6 ஆம் தலைமுறை இன்டெல் லப்டொப்களில் இரண்டு வகையுமே வந்திருக்கின்றன. கடைக்குப் போக முன்னர் பின்மூடியைக் கழற்றி, இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்துக்கொண்டு போவது நல்லது.

சிபியு திணறினால்: சூடு, சார்ஜர், பற்றரி

டிஸ்க்கும் மெமரியும் சும்மா இருக்க, சிபியு 100 வீதத்தில் நின்றால் "ஸ்பீட்" என்ற எண்ணைப் பாருங்கள். மாமியின் ஐ5 இன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது 3.4 வரை ஏறும். வேலை நடக்கும்போது உங்களுடையது 0.4 இலோ 0.8 இலோ ஒட்டிக்கொண்டு நின்றால், யாரோ பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிரேக் பெரும்பாலும் சூடு. இந்த வகைச் சிபியுக்கள் 100 பாகை வரை தாங்கும், அதை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொழும்பு வீடுகளில் அறையே 30 பாகை. மரைன் டிரைவ் பக்கத்து மாடி வீடுகளில் கடற்காற்றின் உப்பீரத்தோடு சேர்ந்த தூசி, விசிறிக்கு முன்னால் உள்ள உலோகத் தகடுகளில் கம்பளிபோலப் படிந்திருக்கும், ஊதினால் போகாது. மூடியைத் திறந்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுக்க வேண்டும். ஏழெட்டு வருடப் பழசு என்றால் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோயிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். தலையணை மேல் வைத்துப் பாவிப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

சூடும் இல்லை என்றால் சார்ஜர். சில நிறுவனங்களின் லப்டொப்கள், தமது சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிடும். ஒறிஜினல் பழுதாகி, மலிவுச் சார்ஜர் ஒன்றைப் பாவிக்கிறீர்கள் என்றால் இதைச் சந்தேகியுங்கள். செத்த பற்றரியும் சில லப்டொப்களில் இதையே செய்யும். டச்பேட் மேலெழும்பி, கிளிக் ஆகாமல் இருந்தால் பற்றரி ஊதியிருக்கிறது. அதோடு பாவிப்பதை நிறுத்தி, முதலில் அதைக் கழற்றுவியுங்கள். இது வேகப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை.

மேம்படுத்தலோடு நேரடியாகத் தொடர்புள்ளது ஒன்று: பவர் மோட் சிலவேளை பழைய அமைப்பில் இருந்து மாறிவிடும். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், சார்ஜரில் இருக்கும்போது "பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்" கொடுத்துப் பாருங்கள்.

டிரைவர்

டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்பதன் கீழ் "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைப் பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், ஏறவில்லை. திரையை இழுத்தால் அலை அலையாக வரும், யூடியூப் திக்கும், சிபியு கொதிக்கும். லப்டொப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வரும் செயலிகள் வேண்டாம். பயோஸ் அப்டேட் செய்வதென்றால் பற்றரி நல்ல நிலையில், சார்ஜரும் குத்தியபடி மட்டும். நடுவில் கறண்ட் போனால் போர்டே போகலாம்.

பாதுகாப்பு அமைப்பில், கெட்ட மென்பொருள் விண்டோஸின் உட்பகுதிக்குள் நுழையாமல் தடுக்கும் "மெமரி இன்டெக்ரிட்டி" என்று ஒன்று இருக்கிறது. 7 ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சிபியுக்களில் அதற்கான வன்பொருள் உதவி இல்லாததால் அது ஓனில் இருந்தால் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறையும். 8 ஆம் தலைமுறையில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஓனிலேயே விடுங்கள்.

எஸ்எஸ்டி: காசு போட வேண்டிய ஒரே இடம்

காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். இரண்டுக்குப் போதும் என்றால் 8 ஜிபி ரேமும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை பிடிபடும். ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் போடுவதற்கு 2.5 அங்குல சாட்டா இணைப்பு வகை. உங்கள் போர்டில் எம்.2 என்ற சிறு பலகை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம் இருந்தால் அது சாட்டாவா அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மொடல் விபரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டும் தோற்றத்தில் சகோதரங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம். பழைய லப்டொப்புக்கு ஆக வேகமான என்விஎம்இ வாங்கித் தலையில் கட்ட யாராவது முயன்றால் சிரித்துவிட்டு வாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்து வருபவருக்குச் சாதாரண சாட்டாவே மலையளவு வித்தியாசம். வாரண்டி எத்தனை வருடம், யார் தருவது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பழையதை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? டிஸ்க் ஆரோக்கியம், செயலிகள் பல என்றால் குளோனிங் வசதி. குளோன்சில்லா இலவசம், ஆனால் எஸ்எஸ்டி அளவில் சிறியதென்றால் அது ஒத்துழைக்காது, வேறு செயலி தேடவேண்டி வரும். நான் பெரும்பாலும் புதிதாகவே போடுவேன். இங்கே போமட் அடிப்பது சரி, ஏனென்றால் நோய் என்னவென்று இப்போது தெரியும். உண்மையான விண்டோஸ் என்றால் உரிமம் போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாற்றினால் போகாது. நிறுவும்போது அதே பதிப்பைத் தெரிவு செய்தால் இன்டர்நெட் கிடைத்ததும் தானே அக்டிவேட் ஆகும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காமல் ஒரு மாதம் அலுமாரியில் வையுங்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத லப்டொப் என்றால்

அதிகாரபூர்வமாக இன்டெல் 8 ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இவற்றைச் சுற்றிப் போய் நிறுவிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட லப்டொப்புக்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. 6 ஆம் தலைமுறைக்காரர் 10 நாள் முடிய முன்னர் திரும்பிப் போவதே மேல். விண்டோஸ் 10 இற்கு வீட்டுப் பாவனையாளர் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை ஓடும். அதற்குப் பிறகு, பிரௌசரும் எழுத்து வேலையும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பாருங்கள், நிறுவாமலே பரிசோதிக்கலாம்.

கடைசியாக, எழுத்துரு

தமிழில் வேலை செய்பவர்கள் புதிதாக விண்டோஸ் போட முன்னர் ஃபொன்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினியையும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். லதா, விஜயா என்ற தமிழ் எழுத்துருக்கள் இரண்டும் விண்டோஸ் 10 இல் இருந்தே தானாக வருவதில்லை. ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்க்க வேண்டும்.

இதை நான் மறந்துபோனேன். எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் போட்டு மாமியிடம் கொடுத்தபோது அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டொப் வந்தது, அவருக்குப் புளுகம் தாங்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"தம்பி, லப்டொப் பறக்குது. ஆனா என்ர கேள்வித்தாள் எல்லாம் ஆங்கில எழுத்தில அலம்புது!"

"பயப்பிடாதேங்கோ மாமி, ஒண்டும் அழியேல்லை. பாமினி போடேல்லை, அவ்வளவுதான். பென் டிரைவோட வாறன்."